பெட்டியைத் திறந்து எழுதட்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். கார்கில் வெற்றி நாளான ஜூலை 26-ம் படைவீரர் கொடிநாளான டிசம்பர் 7-ம் வந்தால் முன்னாள் படைவீரர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுக்கிறார்கள், மேடை ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். கதை எழுதித் தரச் சொல்லி யாரும் கேட்பதில்லை. 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்' என்று ஆங்கிலத்தில் வெட்டிய கல் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இன்றும் நிற்கிறது. போனவர்கள் எழுதியது ஒரு வரிகூட அந்த ஊர்களில் கிடைப்பது அரிது. அடுத்த தலைமுறைக்கும் இந்தக் கதி வரக்கூடாது.

'உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்' என்று மட்டும் சொன்னால், சேர்ந்த தேதியில் தொடங்கி பென்ஷனில் முடியும் மாறுதல் பட்டியல்தான் வரும். திறமைக் குறைவு காரணமல்ல. பதினைந்து, பதினேழு வருடம் ரிப்போர்ட் கொடுத்தே பழகிய கை அது. ரிப்போர்ட்டில் 'பயந்தேன்' என்ற சொல்லுக்கு இடம் கிடையாது.

அதனால் சண்டையில் தொடங்கவே வேண்டாம். பரணில் கிடக்கும் கறுப்பு ட்ரங்க் பெட்டியில் தொடங்கலாம். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். ரேங்க் உயர்ந்தபோது பழையதன் மேல் கறுப்பைப் பூசிப் புதியதை எழுதியிருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 'ஹவில்தா'ருக்கு அடியில் 'நாயக்' தடித்துத் தெரியும். அந்தப் பெட்டியில் முதல் லீவுக்கு யாருக்கு என்ன வந்தது? இருபது நிமிடம், ஒரே பக்கம், பேனாவால் எழுதட்டும்.

இப்படி எழுதிப் பழகும் ஒரு பயிற்சி அமர்வுக்கு எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் வாசிக்க முடியாது. சுபேதார் முதலில் வாசித்தால் சிப்பாயாக இருந்தவர் வாய் திறக்க மாட்டார். சிப்பாயிலிருந்து தொடங்க வேண்டும். தமிழில் எழுதிப் பல வருடம் ஆனவர்கள் கைபேசியில் பதினைந்து நிமிடம் பேசட்டும். எழுதி எடுப்பவர் சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். 'லங்கர்' என்றவரிடம் 'உணவுக்கூடம்' என்று திருத்தினால் அந்த இடத்தின் புகையும் வாசனையும் போய்விடும். பனிமலைக் கூடாரத்தில் ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தால் காலையில் துப்புகிற எச்சில் கறுப்பாக வரும். சியாச்சினைப் பற்றிய பத்து வீர வசனத்துக்கு இந்த ஒரு வரி ஈடு.

சில விஷயங்களுக்குக் கட்டுரையைவிடக் கதைதான் சரியான வடிவம். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையில் இலங்கையில் இருந்த தமிழ்ச் சிப்பாய்க்கு, எதிரே நின்றவர் பேசியதும் அவன் தாய்மொழி. அதைப் பெயர், ஊர், பட்டாலியன் மாற்றிக் கதையாக எழுதினால் யாரையும் காட்டிக்கொடுக்காமல் உண்மையைச் சொல்லலாம். இறந்துபோன தோழரைப் பற்றி எழுதினால் அச்சுக்கு முன் அவர் வீட்டாரிடம் வாசித்துக் காட்டுவது முறை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். அலுவல் ரகசியச் சட்டம் 1923 ஓய்வு பெற்றதோடு விட்டுவிடாது. முகாம் அமைப்பு, ஆயுத விவரம், சங்கேதச் சொல் எதுவும் கதையில்கூட வேண்டாம். எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்றவற்றில் ஓய்வு பெற்றவர்கள், 2021-ல் திருத்திய ஓய்வூதிய விதிப்படி, தங்கள் படையின் பணி சார்ந்ததை வெளியிட அதன் தலைவரிடம் முன்அனுமதி வாங்க வேண்டும்.

குண்டு வெடித்த நாளை முதல் மாதமே எழுதச் சொல்லாதீர்கள். எழுதிய ராத்திரி தூக்கம் போகும், கை நடுங்கும். அப்படிப்பட்ட பக்கங்களைப் பகலில், துணைக்கு ஒருவர் இருக்கும்போது எழுதுவது நல்லது. நாலைந்து நாளாகியும் தூக்கம் திரும்பவில்லை என்றால் எழுத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தங்கள் நாளிதழ் மாதம் ஒரு ஞாயிறு அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும். முந்நூறு சொல்லில் ஒரு கதை வந்துவிடும். படத்துக்குச் சீருடையும் பதக்கமும் கேட்க வேண்டாம். எழுதியவர் தோல்வியில் முடித்திருந்தால் அதை வெற்றியாக மாற்றாமல் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்களோடு எழுத்துப் பயிற்சியில் இருப்பவர்கள்,
வேலூர் மாவட்டம்