எஞ்சின் தானாக ஓடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்க்கப்பலில் கழியும் ஓர் இரவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில், நிற்கும் அதிகாரிக்கு இரண்டு பக்கம். எங்களுக்கு ஒரே வரி: "கீழே எந்திரங்கள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன." கடற்படையில் எஞ்சின் பிரிவின் வாட்ச் அதிகாரியாக, அதாவது முறைப்பணி நேரத்தில் எந்திரங்களுக்குப் பொறுப்பாக, பல ஆண்டுகள் நின்றவன் நான். அந்த வரி மனதில் தைத்துவிட்டது.

தங்களுக்குத் தெரியாததில்லை. தலைமைப் பொறியாளர் தூங்கும் நேரத்தில் எஞ்சின், ஜெனரேட்டர், தீயணைப்புப் பம்பு அத்தனைக்கும் பொறுப்பு அந்த வாட்ச் அதிகாரிதான். எண்ணெய் அழுத்தம், பேரிங் சூடு, கப்பலின் அடிப்பகுதியான பில்ஜில் தேங்கும் தண்ணீர் என மணிக்கு மணி லாக் புத்தகத்தில் ஏற வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே கோடு இழுத்துப் பக்கத்தில் கையொப்பம் போட வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, போன மணிக்கும் இந்த மணிக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும்.

ஒரு நள்ளிரவு வாட்சில் கியர் பாக்ஸின் எண்ணெய் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. அளவு வரம்புக்குள்தான் இருந்தது, அலாரமும் அடிக்கவில்லை. முந்தைய மணிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்ததால்தான் பிடிபட்டது. எண்ணெயை இரட்டை வடிகட்டியின் மறுபக்கத்துக்கு மாற்றச் சொல்லி, அடைத்திருந்ததைக் கழற்றினோம். அதன் அடியில் மினுமினுவென்று உலோகத் துகள். உள்ளே ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். உடனே பிரிட்ஜுக்குச் சொல்லி வேகத்தைக் குறைக்கக் கேட்டேன். எண்ணெய் நின்றுபோனால் பேரிங் உருகிவிடும். அப்போது எஞ்சினை நிறுத்தினால் மட்டும் போதாது. கப்பல் நகர்ந்துகொண்டிருக்கும்வரை கடல்நீரே புரொப்பல்லரைச் சுழற்றும். புரொப்பல்லரோடு இணைந்த தண்டான ஷாஃப்டைப் பூட்டினால்தான் சுற்றுவது நிற்கும். இதெல்லாம் தானாக நடக்கிற காரியமா?

அந்தப் பயணம் முடிந்து பாராட்டுப் பட்டியல் வந்தது. கீழே இருந்த எங்களில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. பார்வையாளர்கள் வந்தால் பிரிட்ஜோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்திரிகைப் படம் எடுக்க வந்தவர்கள் ஏணி இறங்கிய நினைவே எனக்கு இல்லை. அன்று பொறுத்துக்கொண்டோம், சரி. இத்தனை காலம் மதித்துப் படித்துவரும் தங்கள் இதழிலும் அதே கதை என்றால் மனம் எப்படிப் பொறுக்கும்?

கீழ்த்தளத்தில் எவ்வளவு கவனம் தேவை என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1990 அக்டோபரில் பஹ்ரைனில் அமெரிக்காவின் இவோ ஜிமா கப்பலில் நீராவி வால்வு ஒன்று பிய்த்துக்கொண்டது. பழுது பார்த்தபோது எஃகு நட்டு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பூச்சுப் பித்தளை நட்டுகளைப் போட்டுவிட்டார்கள். 10 பேர் இறந்தார்கள். 2018 நவம்பரில் நார்வேயின் ஹெல்கே இங்ஸ்டாட் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதியபோது, உள்ளே புகுந்த தண்ணீர் உள்ளீடற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகவே கியர் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. எந்தத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று அந்தக் கலவரத்தில் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் எஞ்சின் பிரிவினர்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாட்ச் மாற வருகிறவர் முன்கூட்டியே வந்து எல்லா இடமும் சுற்றிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் பொறுப்பேற்க மறுக்கலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. கட்டுரையாளர் எஞ்சின் அறைக்கு ஒருமுறை இறங்கியிருந்தால் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கட்டுரையோடு வெளியான கப்பலின் குறுக்குவெட்டுப் படத்தில் எஞ்சின் கட்டுப்பாட்டு அறைக்குப் பெயர் குறிக்கவே இல்லை. இணையப் பதிப்பிலாவது அதைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படைப் பொறியாளர்