பழைய ‘லை’யை எங்களுக்குத் தாருங்கள்

அரசின் தமிழ்க் கணினிப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

திருவல்லிக்கேணியில் பதினெட்டு வருடமாக டி.டி.பி. கடை, அதாவது கணினியில் தட்டச்சு செய்து அச்சுக்குப் பக்கம் அமைத்துத் தரும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஓர் அம்மா, தன் அப்பா 1956இல் அச்சடித்த 48 பக்கக் கவிதைப் புத்தகத்தோடு வந்தார். அப்பாவின் நூற்றாண்டுக்கு மறுபதிப்பு. “எழுத்தும் இதே மாதிரி இருக்கணும் தம்பி, அப்பா பார்த்துப் பார்த்து அச்சடிச்சது” என்றார். சரி என்றேன்.

எந்தக் கணினியிலும் போனிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீட்டு முறைதான் யூனிகோடு. அதில் இயங்கும் இலவச எழுத்துருக்கள் (ஃபாண்ட்) இன்று நிறைய இருக்கின்றன. ஆனால் நான் இறக்கி நிறுவிப் பார்த்த ஒவ்வொன்றிலும் இன்றைய லைதான் விழுந்தது. லகரத்தின் முன்னால் யானைத் தும்பிக்கை போல வளைந்து நிற்குமே, அந்த லை வரவில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் அது இருந்தது. அதில் அடித்தால் திரையில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடு. மின்நூலாக்கிப் போனில் திறந்தபோது ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

கடைசியில் பழைய பக்கங்களை ஸ்கேன் செய்து, லை, னை, ணா, றா என்று ஒவ்வொன்றாக வெட்டி, சுத்தம் செய்து, படமாக ஒட்டினேன். முந்நூறு இடங்களுக்கு மேல். எல்லாம் முடிந்து பிழை பார்க்க மெய்ப்பு கொடுத்தால், மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்றார் அம்மா. அந்த வரியைச் சேர்த்ததும் கீழே இருந்த எல்லா வரிகளும் நகர்ந்தன, படங்கள் நகரவில்லை. ‘மலை’யில் ம மட்டும் நின்றது, அதன் லை வேறொரு சொல்லின் தலையில் போய் உட்கார்ந்திருந்தது. மறுபடி எல்லாவற்றையும் ஒட்டி முடிக்க இரவு இரண்டு மணி ஆனது. அப்படி முடித்த கோப்பிலும் ‘மலை’ என்று தேடினால் கிடைக்காது.

ஐயா, அம்மா, நாங்கள் கேட்பது ஒன்றுதான். பழைய வடிவங்களும் உள்ள ஒரு நல்ல யூனிகோடு எழுத்துருவை, யாரும் பயன்படுத்தும் உரிமத்தோடு வெளியிடுங்கள். இந்த வடிவங்களை மாற்றிய 1978 எழுத்துச் சீர்திருத்தத்தைத் திருப்பச் சொல்லவில்லை. பிள்ளைகள் இன்றைய வடிவத்தையே படிக்கட்டும். மாறியவை ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அப்புறம் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. மொத்தம் 13. யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றே. வடிவத்தை முடிவு செய்வது எழுத்துரு. வேண்டுபவர் மட்டும் பழைய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும்படி ஒரே எழுத்துருவில் இரண்டையும் வைக்க முடியும்.

வேப்பேரியில் 1760களிலேயே தமிழ் அச்சு ஓடிய ஊர் இது. பல நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய அச்செழுத்தின் சாயல் வேண்டுமென்றால் காஸ்லான், போடோனி, கராமண்ட் என்று ஐந்து நிமிடத்தில் இலவசமாக இறக்கிவிடுகிறேன். என் தாத்தா காலத்துத் தமிழ் எழுத்துக்குக் கத்தரியும் பசையும். அவர் கம்பாசிட்டர். அவர் கோத்த ஈய எழுத்துகளைக் கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடையில் எடை போட்டார்கள், யாரும் தடுக்கவில்லை. விழா மேடைதோறும் தமிழ் பழமையான மொழி என்கிறோம். அந்தப் பழமையை ஒரு பக்கம் அச்சடித்துக் காட்ட எனக்கு ஒரு நல்ல வழி கிடைக்கவில்லையே என்று நினைக்கும்போது ஆத்திரமாக வருகிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துருவை மட்டும் செய்து கொடுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். அந்த 48 பக்கங்களின் ஸ்கேன் என்னிடம் தெளிவாக இருக்கிறது. எழுத்து வரைபவர்களுக்கு உதவும் என்றால், அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி டி.டி.பி. கடைக்காரர்