போர்வைக்குள் இருந்தவளின் நன்றி மடல்

எங்கள் தெருக்காரர்களுக்கும், அன்று ராத்திரி பகல் பார்க்காமல் வெளியே நின்று வேலை செய்த எல்லாருக்கும்,

வணக்கம்.

போன வாரம் பனிப்புயல் அடித்த அன்று நான் வீட்டுக்கு வெளியே கால் வைத்தது மொத்தம் கால் மணி நேரம் இருக்கும். மீதி நேரமெல்லாம் ஜன்னலோர நாற்காலி, கம்பளிப் போர்வை, மடியில் புத்தகம், கையில் சூடான தேநீர். இப்படி ஒரு நாள் வாய்த்துப் பல வருஷம் ஆகிறது. அதைப் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நேற்றுதான் உட்கார்ந்து யோசித்தேன். அந்த நாளில் தேநீர் போட்டதைத் தவிர நானாகச் செய்தது எதுவுமே இல்லை. மற்றதெல்லாம் யாரோ செய்தது. அதனால்தான் இந்த மடல்.

முதலில், வானிலை சொன்னவர்களுக்கு. மற்ற நாட்களில் உங்களைக் கிண்டல் செய்யும் கூட்டத்தில் நானும் ஒருத்தி, ஒப்புக்கொள்கிறேன். இந்த முறை இரண்டு நாள் முன்பே, நள்ளிரவுக்கு மேல் தொடங்கும், மறுநாள் மாலை வரை விடாது என்றீர்கள். அப்படியே நடந்தது. அந்த இரண்டு நாள் கிடைத்ததால்தான் மருந்து, பால், டார்ச்சுக்கு பேட்டரி எல்லாம் வாங்கி வைக்க முடிந்தது. அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை ஒரு புயலை 'பிளிசார்ட்' என்று சொல்ல வேண்டுமானால், காற்று மணிக்கு 56 கிலோமீட்டரைத் தொட வேண்டும், கண்ணுக்கு எட்டும் தூரம் 400 மீட்டருக்குள் சுருங்க வேண்டும், இரண்டும் 3 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். நம்முடையது அந்தக் கணக்கில் வராது என்றுதான் நினைக்கிறேன். என் ஜன்னலைப் பிடித்து உலுக்கிய காற்றிடம் யார் போய் அந்தக் கணக்கைச் சொல்வது?

அடுத்து, பனி வாரும் வண்டியை ஓட்டிய அண்ணனுக்கு. உங்கள் முகம் எனக்குத் தெரியாது, வெளிச்சம் தெரியும். விடியற்காலை நாலு மணி இருக்கும். கண் விழித்தால் அறையின் கூரையில் ஒரு மஞ்சள் வெளிச்சம் சுற்றிச் சுற்றி ஓடியது. கீழே இரும்புத் தகடு சாலையைச் சுரண்டும் சத்தம். எழுந்து பார்க்கவில்லை, போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன். காலையில் பார்த்தால் என் வீட்டு வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவு பனிச்சுவர்! சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது உங்களைத் திட்டினேன். தகடு சாய்வாக இருக்கும், பனியை ஒரு பக்கமாகத்தான் ஒதுக்கும், ஒவ்வொரு வாசலுக்கும் நிறுத்தித் தூக்க முடியாது என்று பிறகு ஒருவர் விளக்கினார். நீங்கள் அந்தச் சாலையைத் திறந்து வைத்திராவிட்டால் சாயங்காலம் மின்சாரத்தைச் சரிசெய்யும் வண்டி உள்ளே வந்திருக்காது. திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அந்தச் சுவரை உடைத்த மூன்று பையன்களுக்கும் நன்றி. நான் ஜன்னலைத் தட்டி, வேண்டாம் தம்பி, நானே செய்துகொள்கிறேன் என்று சைகை காட்டினேன். அது சும்மா ஒப்புக்குக் காட்டியது. நீங்களும் அதைப் புரிந்துகொண்டு கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்த்தீர்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும், அந்த நேரத்தில் திடீரென்று ஈரப் பனியை வாரித் தூக்கினால் இதயத்துக்குப் பாரம் ஏறும். என் வயதில் அது விளையாட்டில்லை. காசு நீட்டினால் வாங்க மறுத்துவிட்டீர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால் இனி எழுந்து போய்விடுவேன்.

இப்போது முக்கியமான நன்றிக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு ஐயா, இது உங்களுக்கு.

அன்று காலை பத்து மணிக்கு நான் இருந்த சுகத்தைச் சொன்னால்தான் நீங்கள் செய்தது புரியும். வெளியே ஒரு சத்தம் இல்லை. புதிதாக விழுந்த பனிக்குள் காற்று நிறைய அடைந்திருக்கும், பஞ்சு மாதிரி அது சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். தெரு முழுவதற்கும் யாரோ மெத்தை விரித்தது போல இருந்தது. புத்தகத்தில் ஒரே பக்கத்தை மூன்றாவது முறை படித்துக்கொண்டிருந்தேன், கண் சொக்கியது. வீட்டைச் சூடாக்க எரிபொருளை எரிக்கும் ஹீட்டர் மட்டும் ஏனோ ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. குளிரில் அதற்கும் மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

அப்போதுதான் கதவைத் தட்டினீர்கள். தொப்பியிலும் புருவத்திலும் பனி. கையில் பனி வாரும் ஷவல். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உங்க ஹீட்டர் புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, ஹீட்டருக்குப் புகைக்குழாய் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும். நீங்களே சுற்றிப் போய்ப் பார்த்தீர்கள். நானும் செருப்பு மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். பக்கவாட்டுச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள். ஒன்று காற்றை உள்ளே இழுப்பது, ஒன்று புகையை வெளியே விடுவது. காற்று கொண்டுவந்து குவித்த பனி இரண்டையும் மூடியிருந்தது. நீங்கள் ஷவலை ஓரமாக வைத்துவிட்டு, குழாய் உடைந்துவிடக் கூடாது என்று கையாலேயே பனியைத் தோண்டி எடுத்தீர்கள். வாய் தெரிந்ததும் கையுறையைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்த பனிக்கட்டியைச் சுரண்டினீர்கள். நான் பக்கத்தில் போர்வையோடு நின்றேன். உதவிக்கு அல்ல, வேடிக்கை பார்க்க.

ஹீட்டர் மூச்சு வாங்கவில்லை, குழாய் அடைபட்டதைக் கண்டு தானாகவே நின்று நின்று போயிருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள். அது நல்ல ஹீட்டர். எல்லாம் அப்படி நிற்காது, பழையதாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. தலைவலிக்கும், குமட்டும், தூக்கம் தூக்கமாக வரும். "சொகமா தூங்கறோம்னு நெனச்சுக்கிட்டே இருப்போம்," என்றீர்கள். பத்து மணிக்கே எனக்குக் கண் சொக்கியதை நினைத்து வயிற்றைக் கலக்கியது. அது வெறும் சோம்பல்தான், பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் அந்த வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த கேள்வியைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "அலாரம் வேலை செய்யுதா?" இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன். கார்பன் மோனாக்சைடு அலாரத்தில் இருந்த இரண்டு பேட்டரியையும் கோடைக்காலத்தில் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டிருந்தேன். கடைக்குப் போய் வாங்கி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன், அப்புறம் மறந்தே போனது. புயலுக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கியதும் டார்ச்சுக்கான பெரிய பேட்டரிதான். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்குப் போய் இரண்டு பேட்டரி கொண்டுவந்து, நாற்காலியில் ஏறி, போட்டு, பொத்தானை அழுத்தி, அது கீச்சென்று கத்தியதும் இறங்கிப் போனீர்கள். தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். இன்னும் நாலு வீட்டுக் குழாய் பார்க்க வேண்டியிருக்கிறது என்றீர்கள்.

மத்தியானம் மின்சாரம் போனது. அதோடு ஹீட்டரும் போனது. அதன் விசிறி ஓடுவதும் மின்சாரத்தில்தானே. ஃபிரிட்ஜைத் திறக்காதே, மூடியே வைத்திருந்தால் 4 மணி நேரம் வரை குளிர் நிற்கும், குழாயில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு வை என்று போனில் அடுக்கடுக்காகச் சொன்ன தோழிக்கு நன்றி. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், அந்த அழுத்தத்தில் இரும்புக் குழாயே வெடிக்கும் என்றாய். பயமுறுத்தாமல் உனக்குப் பேசத் தெரியாதா?

காற்று கொஞ்சம் அடங்கிய நேரத்தில் எதிர் வீட்டுக் குட்டி, கறுப்புத் துணி ஒட்டிய ஓர் அட்டையும் பூதக்கண்ணாடியுமாக வந்து என்னை வாசலுக்கு இழுத்தாள். "மூச்சு விடாதீங்க ஆன்ட்டி, உருகிடும்." அட்டையை வெளியிலேயே வைத்துக் குளிரவிட்டிருக்கிறாள், கெட்டிக்காரி. துணியில் விழுந்த ஒரு துகளைக் கண்ணாடி வழியே காட்டினாள். ஆறு கை. ஒவ்வொரு கையிலும் பெரணி இலை மாதிரி கிளைகள். அதில் ஒரு கிளை மட்டும் ஒடிந்திருந்தது. அமெரிக்காவின் வெர்மான்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885-இல் கேமராவோடு மைக்ரோஸ்கோப்பைப் பொருத்தி இப்படி ஒரு துகளைப் படமெடுத்தார், வாழ்நாளில் 5,000-க்கு மேல் எடுத்தார் என்று அவள்தான் சொன்னாள். ஏன் எப்போதும் ஆறு என்று கேட்டேன். பனிக்கட்டியில் தண்ணீர் மூலக்கூறுகள் ஆறு மூலையாகத்தான் கோத்துக்கொள்ளும் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் நான் மூச்சு விட்டுவிட்டேன். துகள் இருந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். கண்ணு, அந்தப் பத்து நிமிடத்துக்காகவும் நன்றி. அடுத்த முறை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வருகிறேன்.

கடைசியாக, லைன்மேன்களுக்கு. ஈரப் பனியின் பாரத்தில் கிளை முறிந்து கம்பியில் விழுந்திருந்ததாகச் சொன்னார்கள். இருட்டிய பிறகு, தூக்கியில் நின்றபடி இருவர், கீழே வண்டியருகில் ஒருவர். உங்கள் தலைவிளக்கு வெளிச்சத்தில் பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நான் இரண்டு போர்வைக்குள் மெழுகுவத்தியோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்ததும் தெரு முழுக்க ஜன்னலுக்குள்ளிருந்து கைத்தட்டல். மேலே இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது, காதுவரை தொப்பி. கீழே நின்றவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து ஒரு கையைத் தூக்கினார்.

பக்கத்து வீட்டு ஐயா, இன்று காலை வந்தேன், நீங்கள் வீட்டில் இல்லை. அன்றைக்கு என் வீட்டுச் சுவரோரம் விட்டுப்போன உங்கள் ஷவலைத் துடைத்து உங்கள் வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன். பிடியில் ஒரு பை கட்டியிருக்கிறேன், அதில் உங்களுக்குத் தர வேண்டிய இரண்டு பேட்டரி இருக்கிறது. ரிமோட்டிலிருந்து எடுத்ததில்லை, புதுசு.

அன்புடன்,
மூலை வீட்டுப் போர்வைக்காரி