பாட்டு முடிந்ததும் ட்ராக்குகளை அழிக்காதீர்கள்: யாழ்ப்பாணத்து ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பின் ஸ்டூடியோ உரிமையாளர்களுக்கும், அங்கே இரவிரவாக வேலை செய்கிற தம்பி, தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். உங்களிடம் ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். ஒரு பாட்டைப் பதிந்து, மிக்ஸ் செய்து, உரியவரிடம் கொடுத்த பிறகு, அதன் தனித்தனி ட்ராக்குகளை அழிக்காதீர்கள். குரல் தனியாக, வயலின் தனியாக, தவில் தனியாக என்று நீங்கள் பதிந்தது எதுவோ, அதை அப்படியே எடுத்து வையுங்கள்.

நான் ஒலிப்பதிவாளன் இல்லை. பாட்டுக்காரனும் இல்லை. 1970களின் புரோகிரசிவ் றொக் அல்பங்கள் இப்போது சரவுண்ட் ஒலியில், அதாவது கேட்பவரைச் சுற்றிவர ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் முறையில், மறுபடி வெளிவருகின்றனவே, அவற்றைப் பல வருடங்களாகத் தேடிச் சேர்க்கிறவன். கிங் கிரிம்சன், யெஸ், ஜெத்ரோ டல், ஜென்டில் ஜயன்ட், பிங்க் ஃபுளொயிட் என்று அலுமாரியில் ஒரு வரிசை இருக்கிறது. லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர்கள் பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து தந்தவைதான் அதில் பாதிக்கு மேல். கோண்டாவில் வீட்டு ஹோலில் முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் ஒரு சப்வூபர். அந்த இறுவட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கோரிக்கை எனக்குள் வளர்ந்தது.

விளக்கமாகச் சொல்கிறேன். கிங் கிரிம்சனின் முதல் அல்பம் 1969 ஒக்ரோபரில் வந்தது. லண்டன் வெசெக்ஸ் ஸ்டூடியோவில் எட்டு ட்ராக் இயந்திரத்தில் பதிந்தார்கள். அவர்களின் இசைக்கு எட்டு ட்ராக் எங்கே காணும்? நாடாவில் பதிந்த வாத்திய ஒலிகளைக் கட்டை அழுத்தி எழுப்பும் மெலட்ரோனை அடுக்கடுக்காக வாசித்து, நிறைந்துபோன ட்ராக்குகளை ஒன்றாகச் சேர்த்து வேறு நாடாவில் இறக்கி, மிச்ச இடத்தில் மேலும் பதிந்தார்கள். பவுன்ஸ் செய்வது என்று நீங்கள் சொல்வதுதான். ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் ஒலி கொஞ்சம் மங்கும், இரைச்சல் கொஞ்சம் கூடும். நாற்பது வருடம் உலகம் கேட்டது அந்த மங்கிய ஒலியைத்தான். 2009 இல் மறுமிக்ஸ் செய்வதில் பெயர்பெற்ற ஸ்டீவன் வில்சனும் குழுவின் கிற்றார்க்காரர் றொபர்ட் ஃபிரிப்பும் அதை 5.1 சரவுண்டுக்கு (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூபர்) மிக்ஸ் செய்தபோது, பவுன்ஸ் செய்வதற்கு முந்திய நாடாக்களும் பத்திரமாக இருந்தன. அவற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றி, ஒன்றோடொன்று பொருத்தி, முதலில் வாசித்த ஒலியில் இருந்தே தொடங்கினார்கள். என் ஹோலில் அந்த மெலட்ரோன் எழும்பி அறையை நிறைக்கும்போது, அந்த நாடாப் பெட்டியை எறியாமல் விட்ட யாரோ ஒரு ஸ்டூடியோ உதவியாளருக்கு நான் உண்மையிலேயே நன்றி சொல்வேன்.

அதே குழுவின் 1970 அல்பமான ‘லிஸார்ட்’ இன்னும் நல்ல சாட்சி. பியானோ, ஓபோ, கோர்னெட், ட்ரொம்போன் எல்லாம் ஒரே நேரத்தில் பேசும் இசை அது. இரண்டு ஸ்பீக்கருக்குள் அடைத்தபோது நெரிசலாகிவிட்டது. குழுவை நடத்திய ஃபிரிப்புக்கே அந்த அல்பத்தில் நெடுங்காலம் பிடிப்பில்லை. சரவுண்டில் ஒவ்வொரு வாத்தியமும் தனக்கென்று ஓர் இடம் பிடித்து உட்கார்ந்ததும்தான் அவர் மனம் மாறினார். இசை 1970 இலேயே நாடாவில் இருந்தது. அதைப் பிரித்துக் காட்ட ஒரு வழி வரும்வரை நாடா காத்துக் கிடந்தது.

பிங்க் ஃபுளொயிட்டின் ‘டார்க் சைட் ஒஃப் த மூன்’ அல்பத்தையும் பாருங்கள். 1973 இல் ஸ்டீரியோவில் வந்தது. அதே வருடம் அதன் ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்ஸ் நாலு ஸ்பீக்கருக்கான குவாட் மிக்ஸ் ஒன்றும் செய்தார். குவாட் முறை சந்தையில் தோற்றுப்போனது. 2003 இல் ஜேம்ஸ் குத்ரி 5.1 மிக்ஸ் செய்தார். 2023 இல், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மோஸ் மிக்ஸ் வந்தது. அபி றோட்டில் பதிந்த அதே 16 ட்ராக் நாடாதான் இத்தனைக்கும் மூலம். அன்று மைக் வைத்துப் பதிந்தவர்களுக்கு 5.1 என்றால் என்னவென்றே தெரியாது. உங்கள் ஸ்டூடியோவில் இன்று பதிகிற பாட்டை 2060 இல் எந்தக் கருவியில் கேட்பார்கள் என்று எனக்கோ உங்களுக்கோ தெரியப்போவதில்லை. ஸ்டீரியோ எம்.பி.3 மட்டும் மிஞ்சினால் அன்றைக்கும் அதுதான் மிஞ்சும்.

காப்பாற்றப்படாதவற்றின் கதையும் என் அலுமாரியில் இருக்கிறது. ஜென்டில் ஜயன்ட் என்ற குழுவினர் பல வாத்தியம் வாசித்து, குரல்களைப் பின்னல் போல முடைந்து பாடியவர்கள். சரவுண்டுக்கென்றே பிறந்த இசை. ஆனால் அவர்களின் முதல் மூன்று அல்பங்களையும் முழுதாக மறுமிக்ஸ் செய்ய முடியவில்லை, மல்டிட்ராக் நாடாக்களில் பல தொலைந்துவிட்டன. கிடைத்த பாட்டுகளை மட்டும் பொறுக்கி 2017 இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். அதைப் போடும்போதெல்லாம் இல்லாத பாட்டுகளின் ஞாபகம்தான் எனக்கு வரும்.

2008 யூன் 1ஆம் திகதி ஹொலிவூட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகம் எரிந்தபோது மூலநாடாக்கள் இருந்த களஞ்சியமும் எரிந்தது. அழிவு எவ்வளவு பெரியது என்ற பேச்சு 2019 இல்தான் வெளியே வந்தது. யூன் 1 என்ற திகதியை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் எங்கள் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகள் போயின. ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தவை திரும்பி வரவேயில்லை. பிறகு 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு. கையில் பிடித்தது போக மிச்சத்தை வீட்டில் விட்டு வெளிக்கிட்ட சனம் கசெற்றையும் ஸ்பூல் நாடாவையும் தூக்கிக்கொண்டா போகும்? அந்த இழப்புகளை நாங்கள் கேட்டு வாங்கவில்லை. ஆனால் இன்று ஸ்டூடியோவில் நடக்கிற அழிப்பை எங்கள் கையாலேயே செய்கிறோம், அதுவும் ஹார்ட் டிஸ்கில் இடம் காணாது என்ற ஒரே காரணத்துக்காக.

அண்மையில் ஒரு ஸ்டூடியோவில் பதிந்த நாதஸ்வரக் கச்சேரி ஒன்றின் தனி ட்ராக்குகள் இருக்குமா என்று கேட்டுப் போனேன். அருமையான வாசிப்பு, எட்டு மைக் வைத்துப் பதிந்திருந்தார்கள். “அது அப்பவே அழிச்சாச்சு அண்ணை, யூடியூப்பில இருக்குத்தானே” என்றார்கள். அந்தப் பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை. வைத்திருங்கள் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

“இப்ப ஏ.ஐ. எல்லாத்தையும் பிரிச்சுத் தருமே” என்று நீங்கள் சொல்லக்கூடும். ஓரளவுக்குத் தரும், மறுக்கவில்லை. 2022 இல் பீட்டில்ஸின் ‘றிவோல்வர்’ அல்பத்தை மறுமிக்ஸ் செய்தபோது, ஒரே ட்ராக்கில் சேர்ந்து கிடந்த வாத்தியங்களைக் கொம்பியூட்டர் கொண்டு பிரித்தார்கள். ஆனால் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, அதனால் பிரித்தார்கள். எங்கள் வீடுகளுக்கு வருகிற மலிவான பிரிப்புக் கருவிகள் குரல், ட்றம்ஸ், பேஸ், கிற்றார் என்றுதான் பிரிக்கத் தெரிந்தவை. நாதஸ்வரமும் தவிலும் உள்ள பதிவு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நாதஸ்வரத்தில் பாதியைக் குரல் என்று எடுத்தது. தவிலின் வலந்தலையை (வலக் கைத் தோல்) ட்றம்ஸ் பக்கமும் தொப்பியை (கழியால் அடிக்கும் தோல்) பேஸ் பக்கமும் கிழித்துப் போட்டது. விரற்கூடு போட்ட கையின் சொல்லும் பூவரசங் கழியின் அடியும் ஒரே மனிதருடைய ஒரே மூச்சில் வருபவை. பதியும்போது இரண்டு மைக் வைத்த அந்தத் தம்பிக்கு அது தெரியும், கருவிக்குத் தெரியாது.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்.பி. பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டில் 24 ட்ராக் இருந்தால் மொத்தம் ஒரு ஜி.பி. வரும். ஒரு டெராபைட் டிஸ்கில் ஆயிரம் பாட்டுக்குக் கிட்ட அடங்கும். உங்களில் பலர் ஒரு வருடம் முழுக்கப் பதிந்தாலும் அதை நிரப்ப மாட்டீர்கள்.

கியூபேஸ் கோப்பையோ எஃப்.எல். ஸ்டூடியோ கோப்பையோ மட்டும் வைத்தால் போதாது. பத்து வருடத்தில் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு பழைய பிளகின்களை (கூடச் சேர்த்த துணை மென்பொருள்களை) தேடும், கிடைக்காது, பாட்டு பாதியில் நிற்கும். ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியில் இருந்து கடைசி வரை ஒரே நீளத்தில் வேவ் கோப்பாக இறக்குங்கள். அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் வரிசையாக நிற்கும். எஃபெக்ட் இல்லாத பதிவே முக்கியம். நீங்கள் போட்ட எக்கோவும் ரிவேர்ப்பும் பாட்டின் குணத்தோடு சேர்ந்தவை என்றால் அவற்றையும் தனியாக இறக்குங்கள். ஸ்டீவன் வில்சன் சரவுண்ட் மிக்ஸ் தொடங்குமுன் பழைய ஸ்டீரியோ மிக்ஸைத்தான் முதலில் திரும்பக் கட்டுவார். எந்த இடத்தில் எக்கோ, எந்த இடத்தில் ஒலி மெல்ல மறைகிறது என்று காதால் தேடிப் பிடிப்பார். உங்களுக்குப் பிறகு வருகிறவரை அப்படி அலைய விடாதீர்கள். ‘ஓடியோ 07 இறுதி புதியது 2’ என்ற பெயரோடு கிடக்கும் கோப்பு எவருக்கும் உதவாது. யார் வாசித்தது, என்ன வாத்தியம், எந்த மைக், எந்தத் திகதி, எந்த ஊர் என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் தமிழிலேயே எழுதி உள்ளே போடுங்கள்.

அப்புறம், ஒரு பிரதி போதாது என்பதை இந்த ஊரில் இருந்துகொண்டு நான் சொல்லவா வேண்டும்? ஸ்டூடியோவில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று, கடல் கடந்து ஒன்று. எங்கள் ஊரில் வெளிநாட்டில் சொந்தம் இல்லாத வீடு குறைவு, அந்த மூன்றாவது பிரதியை ஸ்காபறோவிலோ ஹரோவிலோ ஒரு அலுமாரிக்குள் வைக்கலாம். லாச்சிக்குள் கிடக்கிற டிஸ்கை வருடத்துக்கு ஒரு தடவையாவது போட்டு ஓடவிடுங்கள், எங்கள் உப்புக் காற்றும் ஈரமும் சும்மா விடாது. 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிற நூலக நிறுவனத்தாரோடு இதைப் பற்றி நீங்கள் கூட்டாகப் பேசுவதும் நல்லது.

பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அது அவர்களின் உழைப்பு. கிங் கிரிம்சன் மறுவெளியீடுகள் இவ்வளவு ஒழுங்காக வந்ததற்கு ஒரு காரணம், ஃபிரிப் பெரிய கம்பனிகளோடு நெடுநாள் மல்லுக்கட்டித் தன் பதிவுகளின் உரிமையைத் தன் பக்கம் கொண்டுவந்தது. 1992 இல் அவர் டேவிட் சிங்கிள்டனோடு தொடங்கிய டி.ஜி.எம். நிறுவனம், உரிமை கலைஞரிடமே இருக்கவேண்டும் என்ற கொள்கையோடு நடப்பது. இங்கே காசு கொடுத்துப் பதிகிற கலைஞருக்கே ட்ராக்குகள் கிடைப்பதில்லை. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. நீங்களாகக் கொடுத்தால் ஒரு வழக்கம் உருவாகும்.

இதில் எனக்கு ஓர் ஆசையும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். தவில் மேதை தட்சிணாமூர்த்தி, நாதஸ்வர வித்துவான் அளவெட்டி பத்மநாதன் ஆகியோரின் வாசிப்பில் நான் கேட்கக் கிடைத்தவை எல்லாம் ஒற்றை மைக் பதிவுகள். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் வசதி, யாரையும் குறை சொல்ல முடியாது. இன்று உங்களிடம் பதினாறு, இருபத்துநாலு சனல் கருவிகள் இருக்கின்றன. நல்லூரில் சுவாமி வெளிவீதி வரும்போது முன்னால் நாதஸ்வரம், இரு பக்கமும் தவில், பின்னால் பஜனை, சுற்றிவர அரோகரா. பாசையூரிலும் குருநகரிலும் நாட்டுக்கூத்து ஆடும்போது அண்ணாவியார் ஒரு பக்கம், பிற்பாட்டு ஒரு பக்கம், சலங்கை மேடை முழுக்க. சுற்றி நின்று கேட்பதற்கென்றே பிறந்த இசைகள் இவை. இரண்டு ஸ்பீக்கருக்குள் அடைக்கும் வேலையை யூடியூப்புக்காகச் செய்யுங்கள், அதில் தவறில்லை. கூடவே சனத்தின் சத்தத்துக்கென்று இரண்டு மைக்கைத் தள்ளி வைத்து, எல்லாவற்றையும் தனித்தனியே பதிந்து வையுங்கள்.

உங்களில் யாராவது இப்படி ஒரு பதிவின் ட்ராக்குகளைக் கொண்டுவந்தால், என் வீட்டு ஹோலும் ஐந்து ஸ்பீக்கரும் உங்களுக்குத் திறந்திருக்கும். பின் ஸ்பீக்கர்களை விதிப்படி 110 பாகையில் வைத்திருக்கிறேன். தரையோடு சத்தம் மோதித் திரும்புவதைக் குறைக்கக் கம்பளம் விரித்தாயிற்று. முதலில் யெஸ்ஸின் ‘க்ளோஸ் ரு த எட்ஜ்’ தொடக்கத்தைப் போடுகிறேன், குருவிச் சத்தமும் நீரோட்டமும் அறையைச் சுற்றி வந்து, சட்டென்று முழு வாத்தியமும் பாயும் இடம். அதன் பிறகு உங்கள் ட்ராக்குகளை ஏற்றி, எந்த வாத்தியத்தை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று ஆளுக்கொரு கருத்துச் சொல்லிப் பார்ப்போம். பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் நான் வீட்டில்தான் இருப்பேன். டிஸ்க் வாங்கக் காசு தட்டுப்பாடு என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள், முதல் சில டிஸ்குகளை நானே வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
கோண்டாவிலில் இருந்து ஓர் இசைச் சேகரிப்பாளன்