‘ஒரே ரயில்’: கண்ணும் காதும் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நடந்த ‘ஒரே ரயில்’ கலை நிறுவல் நல்லபடியாக முடிந்தது. வயர்களைச் சுருட்டியாயிற்று, கடன் வாங்கிய புரொஜெக்டரையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நன்றி சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன் என்ற பயத்தில் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

வர முடியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் தண்டவாளம் போகிறதல்லவா, அங்கே ஒரு மாலை நேரம் ரயில் கடந்து போவதைப் படம்பிடித்தோம். அதே ரயிலை வெவ்வேறு ஆட்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்பதை ஓர் இருட்டறைக்குள் ஒலியும் ஒளியுமாகக் கட்டிக் காட்டினோம். மற்றவர்களுடைய கண்ணும் காதும் கிடைக்காமல் இந்த வேலை ஓர் அடிகூட நகர்ந்திருக்காது.

முதல் நன்றி சேருக்கு. பார்வையற்றவர், ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர். அவருடைய பகுதிக்குப் படமே கிடையாது, ஒலி மட்டும்தான். நாங்கள் பதிவுசெய்ததைப் பெருமையோடு போட்டுக் காட்டினோம். அமைதியாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி தம்பி, ஆனால் ரயில் முதலில் என்ர காலுக்குத்தான் வரும், காதுக்குப் பிறகுதான்” என்றார். தெகிவளைப் பக்கமிருந்து வருகிறதா, பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து வருகிறதா என்பதைக் கட்டடங்களுக்கு இடையில் உள்ள இடைவெளிகளை வைத்துச் சொல்லிவிடுவார். சுவர் இருக்கிற இடத்தில் சத்தம் அடித்துத் திரும்புமாம், ஒழுங்கை வருகிற இடத்தில் சட்டென்று விரிந்து கடல்காற்றோடு போய்விடுமாம். அத்தனை வருடம் அந்த வீதியில் நடக்கிறேன், எனக்கு இது தெரியாது.

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தச்சர் அண்ணை மரத்தில் ஒரு மேடை அடித்தார். அதன் அடியில் பெரிய பேஸ் ஸ்பீக்கர் ஒன்றைத் திருகி வைத்தோம். ஏறி நின்றவர்களுக்கு உள்ளங்காலில் அதிர்வு தொடங்கிய பிறகுதான் காதில் சத்தம் விழுந்தது. சில பிள்ளைகள் இறங்கவே மறுத்தார்கள்.

அடுத்தது மாமி. ஒரு கண்ணில் வெண்புரை எடுத்தாயிற்று, மற்றக் கண்ணுக்கு இன்னும் திகதி வரவில்லை. இப்படி ஒருவர் கிடைப்பது எங்களைப் போன்றவர்களுக்கு லொத்தர் விழுந்த மாதிரி. வெண்புரை வந்த வில்லை மெல்ல மெல்ல மஞ்சளித்து நீலத்தை வடிகட்டிவிடும். அது படிப்படியாக நடப்பதால் ஆளுக்குத் தெரிவதில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான் நீலம் திரும்பி வரும். 1923இல் பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேக்கு வலக்கண்ணில் இதே சிகிச்சை நடந்தபோது அவரும் நிறங்கள் மாறித் தெரிகின்றன என்று பெரிதாகக் குறைப்பட்டுக்கொண்டார். மாமி குறைப்படவில்லை. கதிரையைத் திரைக்கு முன்னால் போட்டு, பழைய கண்ணால் கடற்படத்தைப் பார்ப்பார். அப்புறம் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு, நாங்கள் நிறம் மாற்றிய படத்தைப் புதுக் கண்ணால் பார்ப்பார். “காணாது, இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்து.” நான் லப்டொப்பில் மஞ்சளைக் கூட்டுவேன். “ஐயோ, இவ்வளவு சாயம் வேண்டாம்!” என்பார். இரண்டு கண்ணுக்கும் ஒரே கடல் தெரிகிறது என்று அவர் தலையாட்டும்வரை இது நடந்தது. எந்தக் கருவியும் இவ்வளவு நுட்பமாக அளந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இடையில் அவர் கண்டுபிடித்த இன்னொன்று: தன்னுடைய ‘சந்தன நிற’ச் சேலை உண்மையில் வெள்ளையாம். அந்தக் கதையைப் பதிவுசெய்ய விட்டதற்கும் நன்றி மாமி.

வாயசைவுப் பகுதிக்கு முகம் தந்த தங்கச்சிக்கு ஒரு சபாஷ். அவள் திரையில் ‘கா, கா’ என்று வாயசைப்பாள், ஸ்பீக்கரில் வருவது ‘பா, பா’. பார்த்துக்கொண்டே கேட்கிற பலருக்கு இரண்டுமில்லாமல் ‘தா’ என்றோ ‘டா’ என்றோ கேட்கும், கண்ணை மூடினால் பழையபடி ‘பா’தான். ஹாரி மெக்கர்க், ஜோன் மெக்டொனால்ட் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட விஷயம் இது. எல்லோருக்கும் வேலைசெய்யாது. அதனால்தான் புருஷனும் பெண்சாதியும் அங்கேயே நின்று சண்டை பிடித்தார்கள். ஸ்பீக்கரில் ஏதோ தில்லுமுல்லு என்று கடைசிவரை நம்பாமல் போன ஐயாவுக்கும் என் வணக்கம்.

குருட்டுப்புள்ளிக்கான அளவும் தச்சர் அண்ணையின் கைவேலைதான். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறுகிற இடத்தில் யாருக்கும் பார்வை இல்லை. அது பார்வையின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஏறத்தாழ 15 பாகை தள்ளி விழும். இதைச் சொன்னதும் அண்ணை பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, “அப்போ ஆறரை அடி தள்ளி நிண்டால் ஒண்டே முக்கால் அடி” என்று சுவரில் கோடு போட்டுவிட்டார். இடக்கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் புள்ளியைப் பார்த்தவர்களுக்கு, வலப்பக்கம் ஒட்டியிருந்த உள்ளங்கை அளவு ரயில் படம் காணாமல் போனது. கணக்கு இம்மி பிசகவில்லை.

மருதானையிலிருந்து வந்த ஒலித் தம்பி சிங்களப் பிள்ளை. ஒவ்வொரு மீற்றருக்கும் ஒலி ஏறத்தாழ 3 மில்லி செக்கன் பிந்தும் என்று கணக்குப் பார்த்து, எல்லா ஸ்பீக்கர்களையும் ஒன்றோடொன்று இசைத்தார். சம்பளமாக வாங்கியது மாலுபாணும் (மீன் பணிஸ்) பிளேன்டீயும். ஸ்தூதி மல்லி, நன்றி தம்பி.

முதலில் ஒத்துக்கொண்ட மண்டபம் கடைசி நேரத்தில் கைவிரித்தது. பெயர் வேண்டாம். அந்த நேரத்தில் தன் களஞ்சிய அறையைத் திறந்துவிட்ட நாலாம் குறுக்குத் தெரு முதலாளி ஐயாவை மறக்க முடியாது. செத்தல் மிளகாய் மூட்டைகளை நகர்த்தினோமே தவிர மணத்தை நகர்த்த முடியவில்லை. அதுவும் படைப்பின் பகுதிதானா என்று சிலர் மரியாதையாகக் கேட்டார்கள். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

முதலாம் குறுக்குத் தெருவில் வயரும் பிளக்கும் கடனாகத் தந்த கடைக்காரர், கறுப்புத் திரை தைத்துத் தந்த நானா, அறிவிப்புகளை மூன்று மொழியிலும் எழுதிய தோழி, வாசலில் செருப்புக் காவல் காத்த பக்கத்து வீட்டுப் பொடியன்கள், எல்லோருக்கும் நன்றி.

கறுப்புத் துணி ஒரு பெரிய கட்டு மிஞ்சியிருக்கிறது. பாடசாலை நாடகத்துக்கு யாருக்காவது வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லுங்கள். பிந்தினால் நானா எடுத்துக்கொள்வார்.