வாடிக்கையாளர் தரும் முன்பணமும் பட்டறையில் ஆள் நிற்காததும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையின் குறுந்தொழில்களைப் பற்றி நாளிதழ்களில் வெளியாகும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகையாகவே வருகின்றன. வர வேண்டிய பணம் வெளியே முடங்கிக் கிடக்கிறது என்று தொழில் அமைப்புகள் முறையிடுவது ஒன்று. லேத் என்னும் கடைசல் இயந்திரத்தை ஓட்டவும் வெல்டிங் செய்யவும் ஆள் கிடைக்கவில்லை என்பது மற்றொன்று. கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம், குறிச்சி போன்ற பகுதிகளில், கேட்பவரின் அளவுக்கும் தேவைக்கும் ஏற்ப இயந்திரம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளைப் பொறுத்தவரை இவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. வாடிக்கையாளரிடமிருந்து முன்பணம் எப்படி வாங்கப்படுகிறது, அது எதற்குச் செலவாகிறது என்பதைப் பொறுத்தே அப்பட்டறையில் ஆள் நிற்பதும் நிற்காததும் பெருமளவு அமைகிறது. பேக்கரிகளுக்கும் தின்பண்டம் தயாரிப்போருக்கும் எவர்சில்வர் இயந்திரங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருபவன் என்ற முறையில், இதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வீட்டுக்கு வாங்கும் வெட் கிரைண்டரை ஒருவர் வேண்டாம் என்றால் மற்றொருவருக்கு விற்றுவிடலாம். ஆர்டரின் பேரில் செய்யும் இயந்திரத்துக்கு அந்த வழி கிடையாது. கடலை மிட்டாய்ப் பாகு கலக்கும் கலன் ஒன்று, அது நிற்கப்போகும் அறையின் வாசல் அகலம், அங்குள்ள அடுப்பின் அமைப்பு, ஒரு தடவைக்குப் போடும் கடலையின் அளவு ஆகிய எல்லாவற்றையும் பார்த்துச் செய்யப்படுகிறது. கேட்டவர் பாதியில் பின்வாங்கினால் அதை வெட்டிப் பழைய இரும்பு விலைக்குத்தான் போட வேண்டும். ஆகவே இத்தொழிலில் முன்பணம் வாங்குவது தவிர்க்க முடியாதது. ஆனால் அந்தப் பணம் யாருடைய இயந்திரத்துக்காக வாங்கப்பட்டதோ அந்த இயந்திரத்துக்குச் செலவாகிறதா என்ற கேள்வியைத் தொழில் நடத்துவோராகிய நாம் போதிய அளவு பேசுவதில்லை.

ஓர் உதாரணம் கூறுகிறேன். நான்கு லட்சம் ரூபாய் மதிப்புள்ள இயந்திரம் ஒன்றுக்கு வாடிக்கையாளர் பாதித் தொகையான இரண்டு லட்சத்தை முன்பணமாகத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தகடு, மோட்டார், கியர் பாக்ஸ், பேரிங், மின்சாரப் பெட்டி ஆகியவற்றை வாங்கவே அந்த இரண்டு லட்சமும் ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விடும். ஆனால் பணம் கைக்கு வரும் நாளில், முந்தைய வாடிக்கையாளர் பாக்கியைத் தராத காரணத்தால் நிலுவையில் நிற்கும் சம்பளமும், கட்டட வாடகையும், மின் கட்டணமும், தகடு கடைக்காரருக்குத் தேதியிட்டுக் கொடுத்த காசோலையும் அதற்காகக் காத்திருக்கின்றன. முன்பணத்தில் பாதி அன்றே அந்தப் பக்கம் போகிறது. புதிய ஆர்டருக்குரிய தகடு வாங்குவது தள்ளிப்போகிறது. தகடு வராவிட்டால் வெல்டருக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் ஓவர்டைம் இல்லை. நாள் சம்பளத்துக்கு வருபவர் சனிக்கிழமை மாலை வீட்டுக்குக் கொண்டு செல்லும் தொகை குறைகிறது. இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனால் அவர் வேறு பட்டறை பார்க்கிறார். பிறகு ஒருவழியாகத் தகடு வந்து இறங்கும்போது அதை ஒட்ட ஆள் இல்லை. இயந்திரம் சொன்ன தேதிக்கு முடியாததால் பாக்கிப் பணமும் வருவதில்லை. அந்தப் பள்ளத்தை அடைக்க, முன்பணம் கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டுபடியாகாத விலைக்கு அடுத்த ஆர்டர் எடுக்கப்படுகிறது. மூடப்பட்ட பட்டறைகள் பலவற்றின் கதையை நெருங்கிக் கேட்டால், வேலை இல்லாமல் மூடியவற்றைவிட, கை நிறைய ஆர்டர் இருந்தும் இந்தச் சுழலில் சிக்கி மூடியவையே அதிகம் என்பது என் கருத்து.

ஆள் கிடைக்கவில்லை என்று நாம் சொல்லும்போது, வந்த ஆளுக்கு வாரம் முழுவதும் இடைவிடாமல் வேலை கொடுத்தோமா என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை. லேத்தில் கடையும் கைத்திறன் உள்ள டர்னரும், ஆர்கான் வாயுவைக் கொண்டு செய்யும் வெல்டிங் தெரிந்தவரும் உண்மையிலேயே குறைந்து வருகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்த இளைஞருக்கு ஓரகடம், ஓசூர் போன்ற இடங்களின் பெரிய தொழிற்சாலைகள் பேருந்து, உணவகம், சீருடை எல்லாம் தருகின்றன. நகரிலேயே உணவு விநியோகம் செய்தால் இரும்புத் தூசு இல்லை. ஆனால் அந்த இளைஞர்களிடம் பேசிப் பார்த்தவரை, அவர்கள் முதலில் சொல்வது சம்பளத்தின் அளவை அல்ல, அது சொன்ன நாளில் வருமா என்ற ஐயத்தையே. அதற்கு அடுத்தபடியாக அவர்கள் கேட்பது, கையில் அடிபட்டால் யார் பார்ப்பது என்பது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு பொதுவாகக் கட்டாயம் இல்லாததால், மூன்று பேரும் ஐந்து பேரும் வேலை செய்யும் பட்டறைகளில் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் விரல் போனவருக்கு முதலாளியின் நல்ல மனமே காப்பீடாக இருக்கிறது. பிள்ளையை அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதில் என்ன தவறு இருக்கிறது?

பீகார், ஒடிசா, ஜார்கண்ட், உத்தரப் பிரதேச மாநிலங்களிலிருந்து வந்தவர்களால்தான் கோவையின் வார்ப்பாலைகளும் பட்டறைகளும் இன்று பெருமளவு ஓடுகின்றன. ஹோலிக்கும் சத் பூஜைக்கும் அவர்கள் ஊர் செல்லும் மாதங்களை முன்கூட்டியே கணக்கிட்டு விநியோகத் தேதி சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. 2023 மார்ச்சில் பொய்யான காணொலிகள் பரவி அவர்களுள் பலர் அஞ்சி ஊர் திரும்பியபோது, ஆர்டர் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தவித்த பட்டறைக்காரர்கள் பலரை நான் அறிவேன்.

இங்கே இன்னொரு முன்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழிலாளி, தீபாவளிக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் முதலாளியிடம் வாங்கும் அட்வான்ஸ் அது. திறமையான வெல்டரை இழுக்க நினைக்கும் பட்டறைக்காரர், பழைய இடத்தில் அவருக்குள்ள பாக்கியைத் தாமே கட்டி அழைத்துக்கொள்கிறார். அந்தத் தொகை இடம் மாறும்போதெல்லாம் வளர்கிறது. வாடிக்கையாளர் இயந்திரத்துக்காகக் கொடுத்த பணம் இப்படித் தொழிலாளியின் அட்வான்ஸாக மாறிவிடுவதும் உண்டு. ஆளைத் தக்கவைக்க இது நல்ல வழி என்று நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்வேன். நாமக்கல் மாவட்டத்து விசைத்தறிப் பகுதிகளில் இந்தப் பழக்கம் எத்தனை குடும்பங்களைக் கட்டிப்போட்டது என்பது ஊரறிந்த செய்தி. கொடுத்த கடனைக் காட்டி ஒருவரை வேறு இடத்துக்குப் போகவிடாமல் தடுப்பது, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். அவசரத்துக்குப் பணம் கொடுப்பது வேறு. அதைக் கயிறாகப் பயன்படுத்துவது வேறு. கொடுத்தால் வட்டியின்றி, சிறு தவணையாக, போக விரும்புபவரை விட்டுவிடும் மனத்துடன் கொடுக்க வேண்டும்.

வாடிக்கையாளரின் பக்கத்து அச்சத்தையும் நான் மதிக்கிறேன். முன்பணம் வாங்கியவர் தொலைபேசியை எடுக்காமல் போன அனுபவம் பலருக்கு இருக்கிறது. எங்களிடம் வருபவர்களில் மகளிர் சுய உதவிக் குழுவினரும், முதல் முறையாகத் தொழில் தொடங்குபவர்களும் அதிகம். மத்திய அரசின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது என்பதால் வங்கிக் கடன் வாங்கி வருகிறார்கள். அவர்கள் கையிலிருந்து போடும் பங்கு பல வேளைகளில் நகையை அடகு வைத்த பணம். அதைக் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டில் வாங்கி வைப்பது முறையாகாது. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் முன்பணம் வாங்கினால் அதற்கு ரசீது ஆவணம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பொருளை நாமே செய்து விற்கும்போது முன்பணத்தின் மீது அப்போதே வரி கட்ட வேண்டியதில்லை என்பது 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கொடுக்கும் பொருளில் வேலை மட்டும் செய்து தரும் ஜாப் ஒர்க் சேவையாகக் கருதப்படுவதால், அதற்கு வாங்கும் முன்பணத்துக்கு வாங்கும்போதே வரிப் பொறுப்பு வந்துவிடும். வரிக்குப் பயந்து ரசீது தராமல் இருப்பவர்களில் பலருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை.

எங்கள் பட்டறையில் பாதிப் பணத்தை மொத்தமாக வாங்கும் முறையை விட்டு, பகுதி பகுதியாக வாங்குகிறோம். டிராயிங்கில் வாடிக்கையாளர் கையெழுத்திட்டதும் தகடுக்கும் மோட்டாருக்கும் உரிய தொகை. அவை வந்து இறங்கியதும் வாங்கிய பில்லின் நகலை அவருக்கு அனுப்புகிறோம். சட்டகம் எழும்பியதும் அவரே நேரில் வந்து பார்த்து அடுத்த பகுதியைத் தருகிறார். அதில் வேலை செய்பவர்களின் சம்பளம் அடங்கியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். மீதியை, அவர் கொண்டு வரும் மாவைப் போட்டு ஓட்டிக் காட்டிய பிறகு வாங்குகிறோம். முன்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு இருப்பதால் அந்தப் பணம் வாடகைக்குப் போவதில்லை. இதனால் சில ஆர்டர்கள் கைவிட்டுப் போயின என்பது உண்மைதான். ஆனால் தகடு இல்லாமல் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நாட்கள் வெகுவாகக் குறைந்தன. எங்கள் வெல்டர்கள் பல ஆண்டுகளாக எங்களுடனேயே இருப்பதற்கு இதைத் தவிர வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெரிய நிறுவனங்களுக்கு உதிரி பாகம் செய்து தருவோரின் நிலை இதைவிடக் கடினமானது. அங்கே முன்பணம் என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. புதிய பாகத்தை வேலை செய்யும்போது பிடித்து நிறுத்தத் தேவையான ஃபிக்ஸ்சரைக்கூடச் சிறு பட்டறையே தன் செலவில் செய்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்குக் கூட்டு வட்டி. குறித்த காலத்தில் தராத தொகையை, அதைத் தந்து முடிக்கும் வரை செலவாகக் காட்டி வருமான வரிச் சலுகை பெற முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இருந்தும், இப்படித் தாமதமாகும் பணம் குறித்த முறையீடுகளை விசாரிக்கும் வசதியாக்கல் குழுவிடம் முறையிட்டால் அடுத்த மாதம் ஆர்டர் நின்றுவிடும் என்ற அச்சத்தில் எத்தனையோ பேர் வாய் திறப்பதில்லை. தனி ஆளாக முறையிடுவதற்குப் பதில், சங்கம் தன் உறுப்பினர்கள் சார்பில் பெயர் வெளியிடாமல் தாமதப் பட்டியலை மாவட்டத் தொழில் மையத்திடம் அளிக்க வழி செய்தால் இந்த அச்சம் சற்றுக் குறையும்.

கொடிசியா, டேக்ட் போன்ற சிறு, குறுந்தொழில் அமைப்புகளிடம் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆர்டரின் பேரில் இயந்திரம் செய்வோர் அனைவரும் பயன்படுத்தத்தக்க ஒரு பொது ஒப்பந்தப் படிவத்தைத் தமிழில் தயாரித்து வெளியிடுங்கள். எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், தேதி தவறினால் என்ன, வாடிக்கையாளர் பின்வாங்கினால் வாங்கிய மோட்டாரும் தகடும் யாருக்கு, எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். முன்பணம் திருப்பித் தரப்படாது என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பிடித்துக்கொள்ள இடம் தரவில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வங்கிகளும், இயந்திரத்துக்கான கடன் தொகையை ஒரே தவணையில் விடுவிக்காமல், வேலை நடக்கும் கட்டங்களை நேரில் பார்த்துப் பகுதி பகுதியாக விடுவித்தால், கடன் வாங்கியவருக்கும் பட்டறைக்கும் ஒருசேரப் பாதுகாப்பாக இருக்கும்.

அரசிடம் கேட்பது பயிற்சியைப் பற்றியது. தமிழகத்தின் அரசு ஐ.டி.ஐ.க்கள் நவீன இயந்திரங்களுடன் மேம்படுத்தப்பட்டு வருவதை மனமார வரவேற்கிறேன். ஆனால் தகட்டை மடக்கவும், சுழலும் தண்டைக் கையால் சுற்றி ஓட்டம் பார்த்துப் பொருத்தவும் ஒருவர் கற்றுக்கொள்வது பட்டறையில்தான். தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் பழகுநரைச் சேர்த்துக்கொள்ளக் குறைந்தது நான்கு பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2019இல்தான் அது ஆறிலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டது. உரிமையாளரும் இரண்டு வேலையாட்களுமாக நடக்கும் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டு அனுபவமுள்ள டர்னர் இருந்தாலும், அரசு தரும் உதவித்தொகைப் பங்குடன் ஓர் இளைஞருக்கு அவர் தொழில் சொல்லித்தர இப்போது வழியில்லை. அருகருகே உள்ள நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரு பயிற்சி இடமாகப் பதிவு செய்துகொள்ளவும், பழகுநர் அவற்றில் மாறி மாறிப் பழகவும் அனுமதித்தால் இந்தத் தடை நீங்கும். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் இதைச் சோதனை முறையில் வரும் கல்வியாண்டிலேயே தொடங்க முடியும். அவ்வாறு தொடங்கினால் எங்கள் பட்டறையில் ஓர் இடம் தரவும், எங்கள் மூத்த வெல்டரின் நேரத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கவும் நான் அணியமாக இருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயந்திரப் பட்டறை உரிமையாளர்,
கோயம்புத்தூர்.