ஓட்டு, போருக்குக் கிடைத்த கூலியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் நாள் சிறப்பிதழில் பிரிட்டிஷ் பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் பற்றி வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் அதன் அடிப்படையே எனக்குச் சம்மதமில்லை. முதல் உலகப் போரில் பெண்கள் குண்டுத் தொழிற்சாலைகளில் மாடாய் உழைத்தார்கள், அதைக் கண்டு மனம் இளகிய அரசாங்கம் 1918-ல் அவர்களுக்கு ஓட்டைக் கொடுத்தது என்கிறார் கட்டுரையாளர். நானும் இதே கதையைப் பள்ளியில் படித்தவள்தான். கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது.

வயதைப் பாருங்கள். 1918 பிப்ரவரி 6 அன்று வந்த சட்டம் 30 வயது நிரம்பிய பெண்களுக்குத்தான் ஓட்டுரிமை தந்தது. அவர்களிலும் எல்லாருக்கும் இல்லை. தன் பேரில் வீடோ இடமோ இருக்க வேண்டும், இல்லையென்றால் அப்படி இருப்பவரின் மனைவியாக இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும். இப்படிச் சலித்து எடுத்தபின் தேறியவர்கள் சுமார் 85 லட்சம் பேர். ஆண்களுக்கு 21 வயது போதும். போர்ப் பணியில் இருந்தவர்களுக்கு 19 வயதே போதும். ஷெல்லுக்கு, அதாவது பீரங்கிக் குண்டுக்கு, மருந்து நிரப்பிய பெண்களில் பெரும்பாலோர் பதினெட்டு, இருபது, இருபத்தைந்து வயதுக்காரிகள். தொழிற்சாலை விடுதியிலோ, வாடகை அறையிலோ, அப்பா வீட்டிலோ இருந்தவர்கள். அவர்களில் பலருக்கு 1918 சட்டத்தில் ஒன்றுமே இல்லை. ஆணுக்குச் சமமாக 21 வயதில் ஓட்டு என்று வந்தது 1928 ஜூலையில். அந்தச் சமத்துவத்தோடு நடந்த முதல் பொதுத்தேர்தல் 1929 மே மாதத்தில். நன்றிக்கடன் என்றால் பட்ட இடத்திலல்லவா தீர்க்க வேண்டும்? மகள் உழைத்ததற்கு அம்மாவுக்கு ஓட்டுக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்?

30 வயது என்பது ஏதோ பக்குவம் பார்த்து வைத்ததும் அல்ல. சபாநாயகர் லோதர் தலைமையில் கூடிய அனைத்துக் கட்சி மாநாடு 30 அல்லது 35 என்று யோசனை சொன்னதற்குக் காரணம் வேறு. 21 என்று வைத்தால் வாக்காளர் பட்டியலில் பெண்கள் ஆண்களைவிட அதிகமாகிவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு நவம்பரில் 21 வயதுப் பெண் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கலாம் என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். ஆக, அவள் எம்.பி. ஆகலாம், ஓட்டுப் போட முடியாது!

அப்படியானால் பெண்களின் போர்க்கால உழைப்பு அற்பமா? இல்லவே இல்லை. கட்டுரையில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டதே, அந்த உழைப்பைப் புகழ்ந்த வேகத்தில் அது எப்படி இருந்தது என்று சொல்லாமல் விட்டதுதான்.

நான் வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஷிப்டுக்குள் நுழையும்முன் கொண்டை ஊசி, சேஃப்டி பின், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். தாலிச் சங்கிலியை வீட்டிலேயே விட்டுவிட்டு, மஞ்சள் துண்டு கோத்த கயிறோடு வருவோம். எங்கேயாவது உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும், கட்டடமே இருக்காது. அதனால் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அருகே இருந்த பார்ன்போ தொழிற்சாலையைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது எனக்கு எதையும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கேயும் கொண்டை ஊசி கூடாது, தீப்பெட்டி கூடாது, ரப்பர் அடி வைத்த செருப்புத்தான். ராத்திரி பகல் என்று மூன்று ஷிப்ட். டி.என்.டி. என்ற வெடிமருந்தைக் கையாண்ட பெண்களுக்குத் தோல் மஞ்சளாகும், முன்னுச்சி முடி செம்பட்டையாகும். ஊரார் அவர்களுக்கு, மஞ்சள் நிறப் பறவையான கானரிக் குருவி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். விஷத்துக்கு மாற்று என்று நம்பி வேண்டிய மட்டும் பால் குடிக்கக் கொடுத்தார்கள். பார்ன்போவில் அதற்காகத் தனியாக மாட்டுப் பண்ணையே இருந்தது. கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலையில் செத்தவர்கள் உண்டு.

1916 டிசம்பர் 5, இரவு பத்து மணி தாண்டியதும் ஷிப்ட் மாறியிருந்தது. 42-ஆம் எண் அறையில் மருந்து நிரப்பிய நாலரை அங்குல ஷெல்களுக்கு, அவற்றை வெடிக்க வைக்கும் ஃபியூஸ் பொருத்தும் வேலை. ஒரு ஷெல் வெடித்தது. 35 பெண்கள் இறந்தார்கள். சிலரைக் கழுத்தில் கிடந்த அடையாள வில்லையை வைத்துத்தான் இன்னார் என்று சொல்ல முடிந்தது. பத்திரிகைகளில் செய்தி வரவில்லை, தணிக்கை. குடும்பத்தார் கொடுத்த மரண அறிவிப்புகளில் விபத்து என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரத்திலேயே அதே அறையில் வேலை செய்ய வேறு பெண்கள் முன்வந்தார்கள். அடுத்த மாதம், 1917 ஜனவரி 19 அன்று, கிழக்கு லண்டன் சில்வர்டவுனில் டி.என்.டி. ஆலை வெடித்து 73 பேர் பலி. 1918 ஜூலை முதல் தேதி நாட்டிங்ஹாம் அருகே சில்வெல் ஷெல் தொழிற்சாலை வெடித்து 134 பேர்.

இந்த வேலைக்குக் கூலி என்ன? 1915 மார்ச்சில் அரசும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஆண் செய்த வேலையைப் பெண் செய்தால் பீஸ் ரேட் (ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி) ஆணுக்கு உள்ளதுதான் என்றார்கள். நாள் கணக்குச் சம்பளத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. முதலாளிகள் கெட்டிக்காரர்கள்; ஒரு ஆளின் வேலையை மூன்றாகப் பிரித்து மூன்று பெண்களிடம் கொடுத்துவிட்டு, இது ஆண் செய்த வேலையே அல்ல என்றார்கள். போர் முடிந்ததும் பழைய ஆட்களுக்கு இடத்தைத் திருப்பித் தருவோம் என்று அரசு தொழிற்சங்கங்களுக்கு முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தது. 1919-ல் அதற்கென்று சட்டமும் வந்தது. வேலையிழந்த பெண்களுக்கு உதவித்தொகை உண்டுதான். பங்களாக்களில் வீட்டு வேலைக்குப் போகமாட்டேன் என்று சொன்னால் அதுவும் நின்றுவிடும். நாலு வருடம் லேத் ஓட்டியவளைப் பாத்திரம் தேய்க்கப் போ என்று சொன்ன அரசாங்கத்துக்கா மனம் இளகியது?

கேட்டதால் கிடைத்தது ஒன்று உண்டு. அது கட்டுரையில் இல்லை. 1918 ஆகஸ்டில் லண்டன் பஸ்களிலும் டிராம்களிலும் கண்டக்டராக இருந்த பெண்கள் செய்த வேலைநிறுத்தம். ஆண்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் போர்க்காலப் படி ஏற்றினார்கள் (நம் ஊர்ப் பஞ்சப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்), பெண்களுக்கு இல்லை. வில்லெஸ்டன் டிப்போவில் பெண்கள் முன்னறிவிப்பே இல்லாமல் வண்டியை எடுக்க மறுத்தார்கள். தொழிற்சங்கத் தலைமையைக் கேட்கவில்லை. டிப்போ டிப்போவாகப் பரவி, பாத், பிரிஸ்டல் என்று வெளியூர்களுக்கும் போயிற்று. போர் நடந்துகொண்டிருக்கும்போதே! கடைசியில் அந்த ஐந்து ஷில்லிங் வந்தது. அடிப்படைச் சம்பளம் சமமாகவில்லை, அது வேறு விஷயம்.

ஓட்டு எப்படித்தான் வந்தது என்று கேட்பீர்கள். உடனடிக் காரணம் ஆண்களின் ஓட்டு. பழைய சட்டப்படி வாக்காளர் பட்டியலில் பேர் வர வேண்டுமானால் ஒரே முகவரியில் 12 மாதம் குடியிருந்திருக்க வேண்டும். பிரான்சில் பதுங்குகுழியில் கிடக்கும் சிப்பாய்க்கு ஏது முகவரி? போருக்கு முன்பே வயது வந்த ஆண்களில் பத்தில் நாலு பேர் அளவுக்கு ஓட்டில்லாமல் இருந்தார்கள். நாட்டுக்காக உயிரைக் கொடுப்பவனுக்கு ஓட்டில்லை என்று எந்த அரசும் தேர்தலுக்குப் போக முடியாது. சட்டத்தைப் பிரித்து மேய்ந்தே ஆக வேண்டிய கட்டாயம். 1866-லிருந்து மனுக்கொடுத்து, கூட்டம் போட்டு, சிறைக்குப் போய், உண்ணாவிரதத்தில் குழாய் வைத்து உணவு திணிக்கப்பட்டு வந்த பெண்கள் இயக்கம் வாசலிலேயே நின்றிருந்தது. மில்லிசென்ட் ஃபாசெட்டின் வாக்குரிமைச் சங்கம் போரிலும் தன் கிளைகளைக் கலைக்கவில்லை. ஆண்களுக்காகச் சட்டத்தைத் திறந்தால் எங்களையும் சேர்க்காமல் மூடாதே என்றது. 1917 ஜூனில் மக்களவையில் பெண்கள் ஓட்டுக்கான பிரிவு 385-க்கு 55 என்று தேறியது. பிரபுக்கள் அவையில் இந்தியாவில் வைஸ்ராயாக இருந்து நமக்கு நன்றாகத் தெரிந்த கர்சன் பிரபு இருந்தார். பெண்கள் ஓட்டுக்கு எதிரான சங்கத்தின் தலைவரே அவர்தான். மக்களவையோடு மோத வேண்டாமென்று தாம் யாருக்கும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார். அங்கேயும் அந்தப் பிரிவு 134-க்கு 71 என்று தேறியது.

பிரதமராக இருந்து பல ஆண்டுகள் எதிர்த்து நின்ற அஸ்க்வித், 1917 மார்ச்சில் பெண்களின் போர்ப்பணியைச் சொல்லித்தான் தன் மனமாற்றத்துக்குக் காரணம் காட்டினார் என்பது உண்மை. கட்டுரையாளர் அதைச் சுட்டியது சரி. என்னைக் கேட்டால், அது பிடிவாதத்திலிருந்து கௌரவமாக இறங்கி வர அவருக்குக் கிடைத்த ஏணி. போருக்கு முன் ஓட்டுக் கேட்ட பெண்கள் உடைத்ததுபோல, போர் முடிந்ததும் ஜன்னல் கண்ணாடிகள் மறுபடி உடையத் தொடங்குமே என்ற யோசனையும் அமைச்சர்களுக்கு இல்லாமலா இருந்திருக்கும்?

போர் உழைப்புக்குப் பரிசு ஓட்டு என்பது விதியானால் பிரான்ஸ் என்ன பாவம் செய்தது? அங்கேயும் பெண்கள் ஷெல் செய்தார்கள், வயலை உழுதார்கள். 1922-ல் செனட் அவர்கள் மசோதாவைத் தள்ளியது. ஓட்டு வந்தது 1944-ல். நியூசிலாந்துப் பெண்களோ எந்த உலகப் போரும் இல்லாமல் 1893-லேயே வாங்கிவிட்டார்கள்; ஃபின்லாந்து 1906-ல்.

இன்னொன்று: வாக்குரிமைப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற பங்க்ஹர்ஸ்ட் குடும்பத்தையே கட்டுரை ஒரே மூச்சில் போருக்கு ஆதரவாக நிறுத்திவிட்டது. தாய் எம்மலினும் மூத்த மகள் கிறிஸ்டபெலும் அப்படித்தான். 1915 ஜூலையில் போர் வேலை கொடு என்று அவர்கள் பெண்களைத் திரட்டி நடத்திய லண்டன் ஊர்வலத்துக்கு அரசே பணம் கொடுத்தது. ஆனால் இன்னொரு மகள் சில்வியா போரை எதிர்த்தார். கிழக்கு லண்டனில் சகாய விலை உணவகங்கள் நடத்தினார். துப்பாக்கி செய்பவர்கள் பேரிலிருந்த ஒரு மதுக்கடையை எடுத்துத் தாய்மார்கள் பேருக்கு மாற்றி, குழந்தைகள் காப்பகமாக்கினார். இதே வாக்குரிமை இயக்கத்துக்காக லண்டனிலும் அயர்லாந்திலும் சிறைக்குப் போன மார்கரெட் கசின்ஸ்தான் 1917-ல் நம் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். சிறப்பிதழில் அவருக்கு நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படத்தில் ஷெல் வரிசைக்கு நடுவே நிற்கும் பெண்களுக்கு ஒருத்திக்கும் இருபத்தைந்து வயது இருக்காது. கீழே "1918-ல் வாக்குரிமை பெற்ற தொழிலாளப் பெண்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டு, இடமிருந்தால் அந்த பஸ் கண்டக்டர்களைப் பற்றி யாரையாவது விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்.